சேமப்படையும் சேமமும்: போர்க்காலப் படைவீரர் நலன் பற்றிய ஒரு சொல்லாய்வு

‘என்எஸ்’ என்னும் சொல்லை அறியாத தமிழ் இல்லம் சிங்கப்பூரில் இல்லை. 1967ஆம் ஆண்டு மார்ச் மாதம் தேசிய சேவைச் சட்டத் திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் முதல் அணியினர் முழுநேரச் சேவையில் சேர்ந்தனர். அன்று முதல் தாத்தா, தந்தை, மகன் என மூன்று தலைமுறையினர் முகாம் வாசலைக் கடந்துவிட்டனர். ஈராண்டு முழுநேரச் சேவை முடிந்தபின் பத்தாண்டுப் பயிற்சிச் சுழற்சி தொடங்குகிறது. ஆண்டுக்கு 40 நாள் வரை ஒருவரை அழைக்கலாம். இக்கடப்பாடு பொதுவாக 40 வயது வரையிலும், அதிகாரிகளுக்கு 50 வயது வரையிலும் நீடிக்கும்.

இக்கடமையைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். ஆனால் அக்கடமையை ஆற்றும் ஒருவருக்கு நாடு என்ன தரவேண்டும் என்று பேசத் தொடங்கினால் நம் தமிழ் தடுமாறுகிறது. பயிற்சிக்குச் சென்ற நாள்களின் சம்பளம் என்னவாகும்? பயிற்சியில் காயம்பட்டால் மருத்துவச் செலவு யாருடையது? நிலையான உடற்குறை ஏற்பட்டால் குடும்பத்தின் நிலை என்ன? இவற்றைத் தமிழில் விளக்குமாறு கேட்டால் பலரும் ‘சலுகை’ என்னும் ஒற்றைச் சொல்லைச் சொல்லி நின்றுவிடுகிறோம். இவ்வுரை அச்சொற்குறையைப் பற்றியது. சட்ட ஆலோசனை கூறுவது நம் நோக்கம் அன்று. சொல் தெளிவில்லாத இடத்தில் உரிமையும் தெளிவு பெறுவதில்லை என்பதை ஆசிரியர்களுக்கும், இன்னும் சில ஆண்டுகளில் முகாமுக்குச் செல்லவிருக்கும் மாணவர்களுக்கும் எடுத்துக்காட்டுவதே நோக்கம்.

குன்றின் மேல் ஒரு நினைவுச்சின்னம்

புக்கிட் பாத்தோக்கில் இப்பொருளைப் பேசுவதற்குத் தகுந்த காரணம் உண்டு. இவ்வட்டாரம் போரை நேரில் கண்ட மண். 1942 பிப்ரவரியில் புக்கிட் தீமா வட்டாரத்தில் கடும் போர் நிகழ்ந்தது. பிப்ரவரி 15ஆம் நாள் அப்பர் புக்கிட் தீமா சாலையிலுள்ள ஃபோர்டு ஆலையில் பிரிட்டிஷ் படை சரணடைந்தது. அதன்பின் ஜப்பானியர் புக்கிட் பாத்தோக் குன்றின் உச்சியில் தம் படையில் மாண்டவர்களுக்காக ‘சியோனான் சுரெய்தோ’ என்னும் நினைவுச்சின்னத்தை எழுப்பினர். அதைக் கட்டியவர்கள் ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் போர்க்கைதிகள். நேச நாட்டுப் படையில் மாண்டோர்க்காக அதன் பின்புறம் ஒரு மரச்சிலுவையும் நடப்பட்டது. போர் முடிந்தபோது அச்சின்னம் அழிக்கப்பட்டது. மேலே ஏறிச் செல்லும் 120 படிகள் இன்றும் உள்ளன. குன்றின் உச்சியில் இப்போது நிற்பது ஒலிபரப்புக் கோபுரம்.

அதே புக்கிட் பாத்தோக்கில், மேற்கு அவென்யூ 7இல், காவல்துறையிலும் குடிமைத் தற்காப்புப் படையிலும் தேசிய சேவை ஆற்றுவோருக்கான ‘ஹோம்டீம்என்எஸ்’ மன்றம் இயங்குகிறது. குன்றின் படிகள் மாண்டவரை நினைவூட்டுகின்றன; மன்றமோ வாழ்கின்றவருக்கு உரியது. படைவீரர்பால் ஒரு சமுதாயத்திற்கு உள்ள கடமைகள் இரண்டு: மாண்டவரை நினைப்பது ஒன்று, மீண்டவரைப் பேணுவது மற்றொன்று.

பழந்தமிழ் மரபு இவ்விரண்டையும் பிரித்தறிந்திருந்தது. மாண்டவனுக்கு நடுகல். அதை எடுப்பதற்குரிய படிநிலைகளைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் எனத் தொல்காப்பியப் புறத்திணையியல் வரிசைப்படுத்துகிறது. மாண்டவன் குடும்பத்திற்கு நிலம் வழங்கும் வழக்கமும் இருந்தது. கல்வெட்டுகளில் இதனை ‘நெய்த்தோர்பட்டி’, ‘உதிரப்பட்டி’ என்னும் சொற்களால் அறிகிறோம். நெய்த்தோர் என்பது குருதி. குருதிக்கு ஈடாக வழங்கப்பட்ட நிலம் என்பது அச்சொல்லின் பொருள்.

புண்பட்டு மீண்டவனுக்கு உரியது ‘தழிஞ்சி’. வஞ்சித் திணையின் துறைகளுள் ஒன்றாகத் தொல்காப்பியம் இதனைக் கூறும். போரில் புண்பட்டோரை நாடிச் சென்று, நலம் கேட்டு, பொருளும் கொடுத்துத் தழுவிக்கொள்ளுதல் என்று நச்சினார்க்கினியர் இதற்கு விளக்கம் தருவார். புறப்பொருள் வெண்பாமாலை இச்சொல்லுக்கு வேறு பொருள் கூறுவதும் உண்டு. எனினும் தழுவுதல் என்னும் வேரோடு நன்கு பொருந்துவது தொல்காப்பிய வழி வந்த பொருளே எனக் கருதுகிறோம். பத்துப்பாட்டுள் ஒன்றான நெடுநல்வாடையின் இறுதியில் இத்துறைக்கு உயிருள்ள ஓவியம் கிடைக்கிறது. வாடை வீசும் நள்ளிரவில் அரசன் உறங்காமல் பாசறையில் நடக்கிறான். படைத்தலைவன் புண்பட்ட வீரரை ஒவ்வொருவராகக் காட்ட, அரசன் அவர்களைக் காண்கிறான். நடுகல் பற்றி நாம் வகுப்பறையில் விரிவாகக் கற்பிக்கிறோம். தழிஞ்சியைப் பெரும்பாலும் பெயரளவில் கடந்து செல்கிறோம். இன்றைய பேச்சின் பொருள் தழிஞ்சியே.

‘ரிசர்விஸ்ட்’ என்பவர் யார்?

தொடர்ந்து படையில் பணியாற்றாமல், தேவைப்படும்போது அழைக்கப்படும் வீரரை ஆங்கிலத்தில் ‘ரிசர்விஸ்ட்’ என்பர். ஒதுக்கி வைக்கப்பட்டவர் என்பது அதன் அடிப்படைப் பொருள். 1972இல் தொடங்கப்பட்ட ‘சாஃப்ரா’ மன்றத்தின் பெயரிலேயே அச்சொல் இருந்தது. 1994இல் சிங்கப்பூர் அச்சொல்லை அதிகாரப்பூர்வ வழக்கிலிருந்து நீக்கி, செயற்பாட்டுக்கு ஆயத்தமாக உள்ள தேசிய சேவையாளர் என்னும் பொருள்தரும் ஆங்கிலத் தொடரை ஏற்றது. ஒதுக்கி வைக்கப்பட்டவர் என்னும் நிலையிலிருந்து ஆயத்தமாக இருப்பவர் என்னும் நிலைக்கு அவரை உயர்த்தவே இப்பெயர் மாற்றம் வந்தது. தமிழ் ஊடகங்கள் ‘போர்க்காலப் படைவீரர்’ என்னும் தொடரை நிலைபெறச் செய்துள்ளன. வீட்டுப் பேச்சிலோ ‘அண்ணன் ரிசர்விஸ்ட் போயிருக்கிறார்’ என்பதே இன்றும் கேட்கும் வழக்கு.

‘போர்க்காலப் படைவீரர்’ சிறந்த தொடரே. ஆயினும் அதில் ஒரு பொருள் மறைகிறது. அவர் போர்க்காலத்தில் படைவீரர் என்றால், அமைதிக்காலத்தில் யார்? கணக்காளர், பொறியாளர், பேருந்து ஓட்டுநர், ஆசிரியர். ஓராண்டில் 40 நாள் முழுவதும் அவர் அழைக்கப்பட்டாலும் எஞ்சிய 325 நாள் அவர் குடிமகனாகவே வாழ்கிறார். ஓர் உடலில் இரண்டு வாழ்க்கை நடக்கிறது. அவர் நலன் பற்றிய சிக்கல்கள் யாவும் இந்த இரட்டை நிலையிலிருந்தே பிறக்கின்றன.

இங்கே நம் மொழியில் உள்ள ஒரு பழைய சொல்லை நினைவூட்ட விழைகிறோம். அது ‘சேமம்’. வடமொழி ‘க்ஷேமம்’ தமிழில் சேமம் ஆயிற்று. பாதுகாப்பு, நல்வாழ்வு என்பன அதன் முதற்பொருள்கள். அதிலிருந்தே பாதுகாத்து வைத்தல் என்னும் பொருளும், சேமித்தல் என்னும் வினையும் கிளைத்தன. பழைய இலக்கியத்தில் மாற்றுத் தேராக வைக்கப்பட்டது ‘சேமத்தேர்’. நாம் ஒவ்வொரு மாதமும் செலுத்தும் மத்திய சேமநிதியிலும் இருப்பது இதே சொல். இவ்வகையில் ‘சேமப்படை’ என்பது தேவைக்காகக் காத்து வைக்கப்பட்ட படை என்று பொருள்படும். காத்து வைக்கப்படும் ஒன்று காக்கப்படவும் வேண்டும் என்னும் குறிப்பு அச்சொல்லிலேயே இருக்கிறது. ஆங்கிலச் சொல்லில் இக்குறிப்பு இல்லை. ‘போர்க்காலப் படைவீரர்’ என்னும் நிலைபெற்ற தொடரை மாற்ற வேண்டும் என்று நாம் கூறவில்லை. அவருடைய நலன் என்பது படைக்குப் புறம்பான ஒன்று அன்று, சேமப்படை என்னும் கருத்துக்குள்ளேயே அடங்கியது என்பதை இச்சொல் வழியே மாணவர்க்கு உணர்த்தலாம்.

நான்கு நலன்கள், நான்கு சொற்கள்

போர்க்காலப் படைவீரர் பெறுவனவற்றை ஒரே பெயரால் அழைப்பதே நம் முதற்குறை. அவை நான்கு வெவ்வேறு அடிப்படைகளில் எழுந்தவை.

முதலாவது, ஈடு. பயிற்சிக்கு அழைக்கப்பட்டவர் அந்நாள்களில் தம் வழக்கமான வருமானத்தை இழக்கக்கூடும். அவருக்குப் படையில் உரிய சேவை ஊதியம் உண்டு. வெளி வருமானம் அதைவிட மிகுதியாயின் வேறுபாட்டை அரசு ஈடுசெய்கிறது. முதலாளி வழக்கம்போல் சம்பளத்தைத் தந்துவிட்டு அரசிடம் திரும்பப் பெறலாம். சொந்தத் தொழில் செய்வோரும் தம் வருமானத்திற்கு ஏற்ப ஈடு பெறலாம். ஆங்கிலத்தில் இதன் பெயர் ‘மேக்-அப் பே’. தமிழ்ச் செவிக்கு ‘மேக்கப்’ என்றால் ஒப்பனை. எனவே இப்பெயரைக் கேட்கும் பாட்டி ஒருவர் திகைப்பது இயல்பே. ‘வருமான ஈடு’ என்றால் திகைப்பு இல்லை. ஈடு என்பது சமன்; இழந்த அளவே திரும்பி வருவது.

இரண்டாவது, பொறுப்பேற்பு. சேவையின் காரணமாக ஒருவர் காயமுற்றால் அதற்குரிய சிகிச்சையைப் படை தன் பொறுப்பாக ஏற்கிறது. நிலையான உடற்குறையோ உயிரிழப்போ நேர்ந்தால் இழப்பீடு வழங்கும் விதிகள் உள்ளன. அமைதிக்காலப் பயிற்சி என்பதால் ஆபத்து இல்லை எனக் கருதலாகாது. 2019 ஜனவரியில் நியூசிலாந்தில் நடைபெற்ற பயிற்சியில் போர்க்காலப் படைவீரர் ஒருவர் படுகாயமுற்று உயிரிழந்ததை நாடு மறக்கவில்லை. அதனை அடுத்துப் பயிற்சிப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் அமைப்பு வலுப்படுத்தப்பட்டது.

மூன்றாவது, காப்புறுதி. தமிழ்நாட்டில் ‘காப்பீடு’ என வழங்குவதைச் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இலங்கையிலும் ‘காப்புறுதி’ என்கிறோம். காப்பதற்கான உறுதி என்னும் பொருள் நேரே விளங்குவதால் நம் சொல் சிறந்தது. தேசிய சேவையாளருக்குத் தற்காப்பு அமைச்சும் உள்துறை அமைச்சும் குழுக் காப்புறுதி வழங்குகின்றன. சேவைக் காலத்திற்கான அடிப்படைக் காப்புறுதிக்கு அவர் சந்தா கட்டவேண்டியதில்லை. விரும்பினால் தம் செலவில் கூடுதல் காப்பும் பெறலாம். காப்புறுதித் தொகை ஓர் ஒப்பந்தத்தின் அடிப்படையில் வருவது. படை ஏற்கும் சிகிச்சைப் பொறுப்பு சேவை உறவின் அடிப்படையில் வருவது. ஒன்று மற்றொன்றுக்கு மாற்று அன்று.

நான்காவது, நன்றிக்கொடை. 2010இல் தொடங்கிய அங்கீகார விருது, பின்னர் ‘என்எஸ் ஹோம்’ விருது எனப் பெயர் பெற்றது. முழுநேரச் சேவை நிறைவு, போர்க்காலச் சேவையின் இடைநிலை, அதன் நிறைவு என மூன்று கட்டங்களில் அது வழங்கப்படுகிறது. வீட்டுவசதி, மருத்துவம், கல்வி ஆகியவற்றின் ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்து ‘வீடு’ என்னும் பொருள்தரும் சொல்லாகின்றன. மத்திய சேமநிதியை ‘மசேநி’ என்றும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தை ‘வீவக’ என்றும் சுருக்கப் பழகிய நமக்கு, இச்சொல் விளையாட்டைத் தமிழில் கொண்டுவர இயலவில்லை. ஆனால் அதன் உட்பொருளை விளக்க இயலும். விருதின் ஒரு பகுதி மெடிசேவ் கணக்கில் சேர்கிறது என்பது மருத்துவம் என்னும் சொல்லின் பயன். உடலுறுதித் தேர்வில் சிறப்பாகத் தேறுவோர் பெறும் 200, 300, 500 வெள்ளி ஊக்கத்தொகையும் இவ்வகையைச் சார்ந்தது.

இந்நான்கையும் ‘சலுகை’ என்னும் ஒரே சொல்லில் அடக்கும்போது நிகழ்வது என்ன? சலுகை கொடுப்பவரின் விருப்பத்தைச் சார்ந்தது; வழக்கமான விதியிலிருந்து ஒருவருக்கு மட்டும் தளர்வு காட்டுவது. நன்றிக்கொடையை வேண்டுமாயின் அவ்வாறு அழைக்கலாம். வருமான ஈட்டை அவ்வாறு அழைத்தல் பொருந்தாது. ஈட்டைக் கேட்பவர் கணக்குத் தீர்க்கிறார். சலுகையைக் கேட்பவர் கைநீட்டுகிறார். தன்மானம் மிக்க குடும்பம் ஒன்று ‘நமக்கு எதற்குச் சலுகை’ என்று விண்ணப்பத்தை மடித்து வைத்துவிட்டால், அங்கே இழப்பை உண்டாக்கியது ஒரு சொல்லே.

ஆல், ஓடு, கண்

இனி இரண்டாம் வகைக்கு மீண்டும் வருவோம். எது சேவைக் காயம்? இவ்வினாவுக்கு விடை மருத்துவத்தில் பாதியும் இலக்கணத்தில் பாதியும் இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டை அமைத்துக்கொள்வோம். புக்கிட் பாத்தோக் அடுக்குமாடியில் வசிக்கும் முப்பத்திரண்டு வயது இளைஞர் ஒருவர். ஞாயிறு மாலை நண்பர்களோடு காற்பந்து ஆடுகிறார். முழங்கால் சற்றே வீங்குகிறது. திங்கள் காலை பயிற்சிக்கு முகாமுக்குச் செல்கிறார். புதன்கிழமை சுமையோடு நடக்கையில் இடறி விழுகிறார். முழங்கால் தசைநார் கிழிந்துவிட்டது. இக்காயம் யாருடையது?

நன்னூல் மூன்றாம் வேற்றுமைக்கு ஆல், ஆன், ஓடு, ஒடு என்னும் உருபுகளைக் கூறி, கருவி, கருத்தா, உடனிகழ்வு என்பவற்றை அதன் பொருளாக்கும். ‘சேவையால் காயம்’ என்றால் சேவையே காரணம். ‘சேவையோடு காயம்’ என்றால் இரண்டும் உடன் நிகழ்ந்தன, காரணம் கூறப்படவில்லை. ஏழாம் வேற்றுமைக்கு உருபு கண். இடமும் காலமும் அதன் பொருள். ‘சேவையின்கண் காயம்’, இன்றைய வழக்கில் ‘சேவையின்போது காயம்’ என்றால் நிகழ்ந்த காலம் மட்டுமே தெரிகிறது. அன்றாடப் பேச்சில் இம்மூன்றையும் நாம் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறோம், யாருக்கும் தீங்கில்லை. ஒரு விண்ணப்பத்தில் இவ்வேறுபாடு ஆயிரக்கணக்கான வெள்ளிக்கும் பல்லாண்டுச் சிகிச்சைக்கும் உரியது.

இவ்வேறுபாட்டைத் தமிழர் மட்டும் எண்ணவில்லை. 1897ஆம் ஆண்டு பிரிட்டிஷ் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இரண்டு நிபந்தனைகளைச் சேர்த்து விதித்தது: விபத்து வேலையின் காரணமாக எழுந்திருக்க வேண்டும்; வேலையின் போக்கிலும் நிகழ்ந்திருக்க வேண்டும். ஆலும் வேண்டும், கண்ணும் வேண்டும். இந்தியாவின் 1923ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வழியையே பின்பற்றியது. அத்தொடரின் பொருளை வரையறுக்க நீதிமன்றங்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக உழைத்து வருகின்றன.

இந்தியப் படைவீரரின் உடற்குறை ஓய்வூதிய விதிகளில் மூன்றாவது கருத்து ஒன்றும் உண்டு. உடற்குறை சேவையால் நேர்ந்ததாக இருக்கலாம், அல்லது சேவையால் மிகுந்ததாக இருக்கலாம். முன்பே இருந்த நோயைச் சேவை தீவிரமாக்கியிருந்தாலும் பொறுப்பு உண்டு என்பது இதன் கருத்து. 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி சென்றது. படையில் சேரும்போது ஒருவருக்கு நோய் இருந்ததாகக் குறிப்பு இல்லையெனில், பின்னர் தோன்றியதைச் சேவையால் நேர்ந்ததாகவே கொள்ளவேண்டும்; அன்று என மெய்ப்பிக்கும் சுமை வீரருடையது அன்று என்று தீர்ப்பளித்தது. சேரும் நாளில் மருத்துவர் எழுதும் ஒரு குறிப்பு, அல்லது எழுதாமல் விடும் ஒரு குறிப்பு, பல்லாண்டு கழித்தும் பேசும் என்பது இதிலிருந்து விளங்கும்.

அமெரிக்கச் சட்டம் சேமப்படையினரை இன்னும் நுணுக்கமாகப் பிரிக்கிறது. தொடர்ச்சியான பயிற்சிப் பணியில் இருக்கும்போது நேர்ந்த காயமும் நோயும் கணக்கில் வரும். வார இறுதிப் பயிற்சி போன்ற குறும்பணியில் காயமும், மாரடைப்பு, பக்கவாதம் போன்ற திடீர் நிகழ்வுகளும் மட்டுமே கணக்கில் வரும். பிற நோய்கள் வாரா. காயம் வேறு, நோய் வேறு என்னும் இப்பிரிப்பு தமிழுக்குப் புதியதன்று. புண், காயம், வடு ஒருபுறம். நோய், பிணி மறுபுறம். காயம் என்னும் சொல்லுக்கு உடல் என்ற பொருளும் உண்டு என்பதை மாணவர் அறிவர். புண்ணும் உடலும் ஒரே ஒலியில் அடங்கியிருப்பதால், விண்ணப்பத்தில் எழுதும்போது எந்த உறுப்பில், எவ்வகைக் காயம் என்று குறிப்பது நன்று.

முழுநேர வீரருக்கு இச்சிக்கல் குறைவு. அவர் பெரும்பாலும் முகாமிலேயே இருக்கிறார். சேமப்படை வீரருக்கோ ஞாயிறு காற்பந்தும் புதன்கிழமைச் சுமைநடையும் ஒரே முழங்காலில் சந்திக்கின்றன. நம் எடுத்துக்காட்டு இளைஞர் மருத்துவரிடம் ‘முழங்கால் வலிக்கிறது’ என்று மட்டும் கூறினால், பதிவில் காரணம் இடம்பெறாது. ‘புதன்கிழமை காலை சுமைநடையில் இடறி விழுந்ததால் முழங்காலில் வலி, அதற்கு முன் சிறு வீக்கம் இருந்தது’ என்றால், ஆலும் உண்டு, கண்ணும் உண்டு, முன்னிலையும் உண்டு. உண்மை முழுவதும் பதிவாகிறது. மிகைப்படுத்த வேண்டியதில்லை, குறைக்கவும் வேண்டியதில்லை.

விழுப்புண்ணும் ‘சாவ் கெங்’கும்

ஆயினும் பல இளைஞர் அவ்வாறு கூறுவதில்லை. காரணம் மொழியறிவுக் குறைவன்று, வெட்கம்.

முகாம் என்பது பல மொழிகள் கலக்கும் இடம். அணிவகுப்புக் கட்டளைகள் மலாயில் ஒலிக்கின்றன. ‘செடியா’ என்றதும் தமிழ் இளைஞரும் நிமிர்ந்து நிற்பார். மருத்துவச் சொற்கள் ஆங்கிலம்: ‘எம்ஓ’, ‘எம்சி’, ‘ரிப்போர்ட் சிக்’. ஏளனச் சொல் ஹோக்கியன்: ‘சாவ் கெங்’. நோயில்லாமல் நோயுற்றவன்போல் நடித்துப் பயிற்சியிலிருந்து நழுவுபவனைக் குறிப்பது அது. எந்த இனத்து இளைஞரும் அறிந்த சொல். எவரும் தம்மீது விழக்கூடாது என அஞ்சும் சொல். அவ்வச்சத்தால் நெஞ்சுவலியையும் தலைச்சுற்றலையும் மறைப்போர் உண்டு. இச்சூழலில் அது வீரம் ஆகாது, உயிரோடு விளையாடுவதாகும். வெப்பமும் ஈரப்பதமும் மிக்க நம் நாட்டில் வெப்பத்தாக்கு விரைந்து முற்றக்கூடியது. தொடக்க அறிகுறியைச் சொல்வதே அதற்கு முதல் மருந்து.

இவ்வெட்கத்திற்கு நம் மரபிலும் வேர் உண்டு. முகத்திலும் மார்பிலும் பட்டது விழுப்புண், அது பெருமை. முதுகில் பட்டது புறப்புண், அது நாணத்தக்கது. வெண்ணிப் போரில் கரிகாலனோடு பொருத சேரமான் பெருஞ்சேரலாதன், மார்பில் பட்ட வேல் முதுகில் ஊடுருவியதைப் புறப்புண்ணாகக் கருதி நாணி வடக்கிருந்து உயிர்விட்டான் எனப் புறநானூறு வழி அறிகிறோம். அக்காலத்து அறத்தை நாம் இழித்துப் பேசவில்லை. ஆனால் புண்ணுக்கு மதிப்புத் தருவது அது பட்ட இடம் என்னும் எண்ணம் இன்றும் நம்முள் உறைந்திருக்கிறதா என எண்ணிப் பார்க்க வேண்டும். துப்பாக்கி ஒலியால் மங்கும் செவித்திறன், தேய்ந்த மூட்டு, உறக்கம் கெடுக்கும் மனவுளைச்சல் ஆகியன எந்த இடத்திலும் தெரியாத புண்கள். அவற்றைப் பெருமையோடு சுட்ட நம்மிடம் சொல் இல்லை. இல்லாத சொல்லின் இடத்தை ஏளனச் சொல் பிடித்துக்கொள்கிறது.

நெடுநல்வாடை அரசன் நள்ளிரவில் நடந்தபோது, புண் எந்தப் பக்கத்தில் பட்டது எனப் பிரித்துப் பார்த்ததாகப் புலவர் கூறவில்லை. படைத்தலைவன் காட்டிய ஒவ்வொருவரையும் அவன் கண்டான். காட்டுபவர் ஒருவர் வேண்டும். காண்பவர் ஒருவர் வேண்டும். இன்றைய முகாமில் காட்டுவது மருத்துவப் பதிவேடு. அது நிரம்புவதற்குப் புண்பட்டவர் வாய்திறக்க வேண்டும். அவர் தோழர் ஏளனம் செய்யாதிருக்க வேண்டும்.

வகுப்பறையில் செய்யத்தக்கவை

உயர்நிலைப் பள்ளித் தமிழ் வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவர் பலர் ஐந்தாறு ஆண்டுகளில் சீருடை அணிவர். மாணவியர் பலர் சீருடை அணிந்தவரின் தங்கையாக, துணைவியாக, முதலாளியாக, மருத்துவராக இவ்வினாக்களைச் சந்திப்பர். அவர்களுக்காக நான்கு பயிற்சிகளை முன்வைக்கிறோம்.

ஒன்று: ஈடு, பொறுப்பேற்பு, காப்புறுதி, நன்றிக்கொடை என்னும் நான்கு தலைப்புகளைக் கரும்பலகையில் எழுதுக. செய்தித்தாளில் வரும் தேசிய சேவைச் செய்திகளை மாணவர் இவற்றுள் ஒன்றில் சேர்க்கட்டும். எதிலும் சேராத ஒன்று கிடைத்தால் ஐந்தாவது சொல்லை அவர்களே ஆக்கட்டும்.

இரண்டு: வேற்றுமை கற்பிக்கும்போது ‘கத்தியால் வெட்டினான்’ என்னும் பழைய எடுத்துக்காட்டோடு, ‘சேவையால் நேர்ந்தது, சேவையோடு வந்தது, சேவையின்போது நிகழ்ந்தது’ என்பனவற்றையும் சேர்க்க. ஒவ்வொன்றிலும் பொறுப்பு யாருடையது என்று மாணவர் வாதிடட்டும். தேர்வுக்கு மட்டும் உரியது எனக் கருதிய வேற்றுமை உருபு ஒருவர் வாழ்வைத் தீர்மானிக்கும் என்பதை அவர்கள் கண்டுகொள்வர்.

மூன்று: பயிற்சி அழைப்பு வந்திருக்கும் செய்தியைப் பாட்டிக்கோ அம்மாவுக்கோ விளக்கும் கடிதம் ஒன்று எழுதச் செய்க. எத்தனை நாள், சம்பளம் என்னவாகும், காயம்பட்டால் யார் பார்த்துக்கொள்வர் என்னும் மூன்று வினாக்களுக்கும் அதில் விடை இருக்கவேண்டும். ‘மேக்-அப் பே’ என்று எழுதாமல் எழுதவேண்டும்.

நான்கு: முகாமில் வழங்கும் சொற்களை அண்ணன்மாரிடமும் தந்தையரிடமும் கேட்டுத் தொகுக்கச் செய்க. எது மலாய், எது ஹோக்கியன், எது ஆங்கிலம், எதற்குத் தமிழ் உண்டு, எதற்கு இல்லை எனப் பிரிக்கட்டும். இத்தொகுப்பின் வழியே தந்தையரும் மக்களும் முன்பு பேசாத சிலவற்றைப் பேசக்கூடும். அரை நூற்றாண்டுக்கு மேலாக நம் ஆடவர் ஆற்றிவரும் சேவை பற்றித் தமிழில் எழுந்த பேச்சு மிகக் குறைவு. அக்குறை ஓரளவு நீங்கும்.

சொற்கள் மட்டுமே நலனைத் தந்துவிடா. விதிகள் மாறும், தொகைகள் மாறும், மாறும்போதெல்லாம் உரிய அமைச்சின் அறிவிப்பைப் பார்த்தறிவது ஒவ்வொருவர் கடமை. மாறாதவை நாம் மேலே கண்ட வேறுபாடுகள். ஈடு வேறு, சலுகை வேறு. ஆல் வேறு, கண் வேறு. இவற்றைத் தாய்மொழியில் தெளிவாக அறிந்த இளைஞர் எந்த மொழிப் படிவத்தையும் தெளிவாக நிரப்புவார். காயம்பட்ட அன்றே, அது எப்போது, எங்கே, எதனால் நேர்ந்தது என்று மருத்துவரிடம் சொல்லிப் பதியச் செய்வார். வீட்டில் இருப்போரும் ‘ஒன்றுமில்லை, சரியாகிவிடும்’ என்னும் விடையோடு அமையாமல், ‘எதனால்?’ என்று ஒருமுறை கேட்க வேண்டும்.